எதுவரை வயர்லெஸ்?

தில்லி மந்திர் மார்க்கில் காற்றின் மாசை அளக்கும் அரசு நிலையம் ஒன்று இருக்கிறது. குளிர்காலத்தில் அதன் எண்களை இந்த வட்டாரமே இருமிக்கொண்டு பார்க்கும். நான் பார்ப்பது, மொட்டை மாடியில் கிடக்கும் பித்தளைத் தண்டவாளத்தை இன்று துடைத்தாக வேண்டுமா என்று தெரிந்துகொள்ள.

மாதிரி ரயில்களில் என்னுடையது பெரிய ரகம். தண்டவாள இடைவெளி 45 மில்லிமீட்டர், அளவு 22.5-இல் ஒரு பங்கு. 1968-இல் ஜெர்மனியின் நியூரம்பர்க்கில் லேமன் நிறுவனம் இந்த ரகத்தை எல்.ஜி.பி. என்ற பெயரில் இறக்கியது. 45-ஐ 22.5-ஆல் பெருக்கினால் கிட்டத்தட்ட ஒரு மீட்டர். எழும்பூரில் மீட்டர் கேஜ் வண்டி ஏறி ஊருக்குப் போன தலைமுறைக்கு அந்தக் கணக்கு ஒன்றே போதும், பர்ஸைத் திறந்துவிடும்.

வண்டி வந்த பிறகுதான் தலைவலி: எதை வைத்து ஓட்டுவது? பெட்டியில் 'வயர்லெஸ்' என்று போட்டிருந்தால் உடனே வாங்கிவிடக் கூடாது. எதுவரை வயர்லெஸ் என்று கேட்க வேண்டும். டி.சி.சி. என்ற டிஜிட்டல் முறையில் மின்சாரமும் கட்டளையும் ஒரே தண்டவாளத்தில் சேர்ந்தே போகின்றன. துடிப்பின் ஒவ்வொரு பாதியும் சுமார் 58 மைக்ரோவினாடி நீண்டால் 1. 100-ஓ அதற்கு மேலோ நீண்டால் 0. இப்படி வரும் கட்டளைகளில் தன் எண்ணுக்கு வந்ததை மட்டும் எஞ்சினுக்குள் இருக்கும் டிகோடர் எடுத்துக்கொள்ளும். நம் கையிலுள்ள கருவி ரேடியோவில் பேசுவது சுவரோரம் இருக்கும் கட்டளைப் பெட்டியோடு மட்டும்தான். அங்கிருந்து எஞ்சினுக்குப் போக மறுபடியும் தண்டவாளமே கதி. அதில் தில்லிப் புகையும் தூசியும் படிந்தால் மின்சாரமும் போச்சு, கட்டளையும் போச்சு.

ஐரோப்பியத் தோட்டங்களுக்கு அந்த முறை சரி. இங்கே பாட்டரியை வண்டியிலேயே ஏற்றி, ரேடியோ வாங்கியை டிகோடரோடு எஞ்சினுக்குள் வைத்துவிடுவதே மேல் என்பது என் கட்சி. தண்டவாளம் சக்கரம் உருள மட்டும். மாடியில் வயரே இருக்காது என்பது இன்னொரு லாபம். பிர்லா மந்திருக்குப் பின்னால் ரிட்ஜ் காடு. அங்கிருந்து வரும் குரங்குகள் வயரைக் கண்டால் விடாது.

அடுத்த சிக்கல் அலைவரிசை. பெரிய ரக மாதிரி ரயில்களுக்கான அமெரிக்கக் கருவிகளில் பேர்போன சில 900 மெகாஹெர்ட்ஸில் இயங்குகின்றன. அங்கே 902 முதல் 928 வரை உரிமம் தேவையில்லை. நம் நாட்டிலோ 890 முதல் 915 வரை செல்போன் கோபுரத்தோடு பேச ஒதுக்கப்பட்டது. இந்த வட்டாரத்து டி.டி.இ.ஏ. தமிழ்ப் பள்ளி விடும் நேரத்தில் வாசலில் நிற்கும் பெற்றோர் கையில் எத்தனை போன் என்று பாருங்கள், புரியும். நமக்கு மிஞ்சுவது வீட்டு வைஃபை நெரியும் 2.4 கிகாஹெர்ட்ஸ். நெரிசல்தான், ஆனால் ஒரு மாடியின் நீளத்துக்கு அது தாங்கும். அலைவரிசைகளைப் பங்கிடும் தொலைத்தொடர்புத் துறை பக்கத்திலேயே அசோகா ரோடு சஞ்சார் பவனில் இருக்கும்போது, திருட்டு அலையில் பொம்மை ரயில் விட எனக்குத் துணிச்சல் இல்லை.

ரயில்வே சிக்னல் பிரிவில் வேலை பார்த்து ஓய்வுபெற்ற பக்கத்து வீட்டு மாமா, நான் நீட்டிய விலைப்பட்டியலைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

"அதெல்லாம் இருக்கட்டும்டா. ரேடியோ அறுந்தா வண்டி நிக்குமா, ஓடுமா?"

"அது நாம வச்சிக்கறதுதான் மாமா."

"அப்போ நிக்கற மாதிரி வை."

பழைய கை சிக்னலில் கம்பி அறுந்தால் எதிர்ச்சுமை கையைக் கிடைமட்டத்துக்கே கொண்டுவந்து 'நில்' காட்டும். அவர் வளர்ந்த பள்ளி அது. டிகோடரிலும் அதற்கு இடம் வைத்திருக்கிறார்கள்: 11-ஆம் எண் அமைப்பு. கட்டளை வராமல் எவ்வளவு நேரம் போனால் வண்டி நிற்க வேண்டும் என்பதை அதில் எழுதி வைக்கலாம். எல்லாக் கருவியிலும் இது ஒரே மாதிரி வேலை செய்வதில்லை. காசு கொடுக்குமுன் கேட்டுவிடுங்கள்.

கைபேசிச் செயலியால் ஓட்டுவது மலிவு. ஆனால் வெயிலில் திரை தெரியாது; கண் வண்டியில் இருக்க வேண்டிய நேரத்தில் போன் கண்ணாடியில் இருக்கும். திருகு குமிழ் உள்ள கருவி என்றால் விரலே வேகத்தைச் சொல்லிவிடும். கூடுதலாகக் கொடுக்கும் பணம் அந்தக் குமிழுக்குத்தான்.

வெயில் என்றதும் பாட்டரி. லித்தியம் செல்லை 45 டிகிரிக்கு மேல் சார்ஜ் செய்யாதே என்பது தயாரிப்பாளர்கள் வழக்கமாகச் சொல்வது. மே மாத மாடித் தரை அதைச் சாதாரணமாகத் தாண்டும். அதனால் பாட்டரியை எஞ்சினுக்குள் திணிக்காமல், பின்னால் வரும் சரக்குப் பெட்டியில் கழற்றி மாட்டும்படி வைப்பது நல்லது. கீழே கொண்டுபோய் மின்விசிறிக்கு அடியில் சார்ஜ் போடலாம். இரண்டாவது எஞ்சின் வாங்கினாலும் அதே பெட்டியை அதன் பின்னால் பூட்டிக்கொள்ளலாம்.