வாணலியிலிருந்து வண்டிக்கு

மாலையில் பெங்களூருத் தெருக்களில் பஜ்ஜியும் போண்டாவும் மணக்கும். அவற்றைப் பொரித்த எண்ணெய் பிறகு எங்கே செல்கிறது?

சாக்கடையில் ஊற்றினால் குழாய் அடைபடும். மலிவாக விற்றால் வேறொரு சிறுகடையின் வாணலிக்குப் போய்ச் சேரும். பலமுறை காய்ந்த எண்ணெய் உடலுக்குக் கேடு. காய்ச்சுவதால் உண்டாகும் கேடான சேர்மங்கள் 25 விழுக்காட்டைத் தாண்டிய எண்ணெயில் சமைக்கலாகாது என்பது 2018 முதல் நாட்டின் விதி.

அவ்வெண்ணெய்க்கு வேறொரு வழி உண்டு. 1900ஆம் ஆண்டு பாரிஸ் கண்காட்சியிலேயே டீசல் எந்திரம் ஒன்று நிலக்கடலை எண்ணெயில் ஓடியது. பெங்களூரு இந்திய அறிவியல் கழகத்தின் அறிஞர்களும், கன்னடர் ‘ஹொங்கே’ என்றழைக்கும் புங்க மரத்தின் எண்ணெயால் சிற்றூர்களில் டீசல் மின்னாக்கிகளை இயக்கிக் காட்டினர்.

ஆயினும் தாவர எண்ணெய் டீசலைவிடக் கெட்டியானது. அப்படியே ஊற்றினால், எரிபொருளைத் தெளிக்கும் நுண்துளைகள் நாளடைவில் அடைபடும். ஆகவே, பொரித்து மீந்த எண்ணெயை வடிகட்டி, ஈரம் நீக்கி, மெத்தனாலும் சிறிது காரமும் சேர்த்துச் சூடாக்குவர். கிளிசரின் அடியில் தங்கும். மேலே நீர்த்த உயிரி டீசல் நிற்கும். அதனைத் தூய்மை செய்து, டீசலுடன் கலந்து, லாரிகளில் நிரப்பலாம்.

காய்ந்து கெட்ட எண்ணெய் மீண்டும் ஒருவர் தட்டுக்கு வருவதா, வண்டிக்குப் போவதா? அதனை முதலில் முடிவு செய்வது அடுப்பின் முன் நிற்பவரின் கையே.