பொன்முடி மலையின் லயங்களில் ஒரு நாள்



மிஷன் பயணம் என்றவுடன் கானா, லைபீரியா போன்ற மேற்கு ஆப்பிரிக்க தேசங்களே நம் நினைவிற்கு வருகின்றன. எங்கள் சபையின் வாலிபர்களும் அந்த வாஞ்சையோடுதான் ஜெபித்து வந்தனர். கர்த்தர் திறந்த வாசலோ, திருவனந்தபுரத்திலிருந்து ஏறக்குறைய 60 கிலோமீட்டர் தொலைவில் இருந்தது.

நெடுமங்காடு, விதுரை வழியாகச் சென்று கல்லாற்றைக் கடந்ததும் 22 கொண்டை ஊசி வளைவுகள் தொடங்குகின்றன. கடல்மட்டத்திற்கு மேல் சுமார் 1,100 மீட்டர் உயரமுள்ள பொன்முடியில் மூடுபனியைக் காணத் திரளானோர் வருகின்றனர். வழியோரத் தேயிலைத் தோட்டங்களையும் படம் பிடிக்கின்றனர். அத்தோட்டங்களின் லயங்களில் தமிழ் பேசும் குடும்பங்கள் தலைமுறைகளாக வாழ்வதை எத்தனை பேர் அறிவர்?

திருநெல்வேலிச் சீமையிலிருந்து கொழுந்து பறிக்க வந்தவர்களின் சந்ததியார் அவர்கள். அந்நாளில் இது திருவிதாங்கூர் ராஜ்யம். 1956 நவம்பர் 1 அன்று கன்னியாகுமரி மாவட்டம் தமிழ்நாட்டோடு இணைந்தது; இம்மலையோ கேரளத்தில் நின்றது. இங்கே அரசாங்கக் காகிதங்கள் மலையாளத்தில் வருகின்றன.

நாங்கள் பதினொரு பேர் அரிசி, கம்பளி, மருந்துகளோடு ஒரு லயத்திற்குச் சென்றோம். வீடுகள் பழுதடைந்திருந்தன, ஓடுகளின்மேல் பிளாஸ்டிக் தாள் விரித்துக் கல் வைத்திருந்தனர். 1951-ஆம் ஆண்டின் தோட்டத் தொழிலாளர் சட்டம் வீட்டையும் மருத்துவ வசதியையும் தோட்ட உரிமையாளரின் பொறுப்பாக்கியது. தோட்டம் நொடித்துப் போனால் அந்தப் பொறுப்பை யாரிடம் கேட்பது? மழை வலுக்கும் இரவுகளில் அவர்கள் உறங்குவதில்லை. 2020 ஆகஸ்டில் மூணாறு அருகே பெட்டிமுடியில் மண்சரிந்து தோட்டத் தொழிலாளர் குடும்பத்தினர் 70 பேர் மாண்டதை அவர்கள் மறக்கவில்லை.

கம்பளி கொடுத்து முடிக்க அரைமணி நேரமே ஆயிற்று. அப்பொழுது ஒரு மூதாட்டி, கம்பளியை மடித்து மடியில் வைத்தபடி, "போன வருசமும் வேற சபைக்காரங்க கம்பளி தந்தாங்க தம்பி. இந்தக் காயிதத்துல என்ன எழுதியிருக்குன்னு பாத்துச் சொல்லுவியா?" என்று கேட்டார்.

வாலிபச் சகோதரன் விழித்தான். அவனுக்கு மலையாளம் பேச வரும், வாசிக்க வராது. எங்களோடு வந்திருந்த, வங்கிப் பணியில் ஓய்வுபெற்ற சகோதரி ஒருவர் அதை வாங்கி வாசித்தார். பணிக்கொடை பற்றிய கடிதம் அது. வேலைசெய்த ஒவ்வோர் ஆண்டுக்கும் பதினைந்து நாள் ஊதியம் என்பது சட்டம் தரும் உரிமை. முப்பது ஆண்டுகளுக்கும் மேலாகக் கொழுந்து பறித்த அந்தத் தாயார், அக்கடிதத்தைப் பல மாதங்களாகத் தலையணைக்குள் வைத்திருந்தாராம். கேட்க வெட்கம்!

சற்று நேரத்தில் சகோதரியின் முன்னே வரிசை நின்றது. எங்கள் நிகழ்ச்சி நிரலில் இல்லாத வரிசை. பாட்டும் சாட்சியும் சுருங்கின. அதைக் குறித்து எங்களில் சிலருக்கு மனத்தாங்கலும் உண்டாயிற்று. மாலை நான்கு மணிக்குள் ஏழு மனுக்கள் எழுதி முடிந்தன.

"மறுபடியும் எப்பம்மா வருவீங்க?" என்றார் அந்தத் தாயார். அடுத்த மாதம் இரண்டாம் சனிக்கிழமை என்று சொல்ல வாயெடுத்தோம். அன்று அரசு அலுவலகங்களுக்கு விடுமுறை என்று சகோதரி நினைவூட்டினார். ஆகவே வார நாளில் வரவேண்டும். திரும்பும் வழியில், பத்தாவது வளைவு கடப்பதற்குள், விடுப்பு எடுக்க இருவர் பெயர் கொடுத்தனர்.