பத்தொன்பது வயது, பெண்

2019 செப்டெம்பரில் எங்கள் ஊர்ப் பள்ளிவாசல்துறையில் நான் இருபது போம் நிரப்பிக் கொடுத்தேன். அதில் ஏழுதான் உண்மை. மீதி பதின்மூன்றும் என் கற்பனை. சிலதை எங்கள் வளவுத் தென்னைக்கடியில் இருந்து எழுதினேன், சிலதை ராத்திரி பாயில் குப்புறக் கிடந்து எழுதினேன்.

கொழும்பில் ஒரு நிறுவனம் நடத்திய ஆய்வு அது. யாருக்கு வாக்களிப்பீர்கள், ஒரு நாளைக்கு எத்தனை வேளை தொழுவீர்கள், வேற்று மதத்தாரை நம்புவீர்களா, பிள்ளையின் கலியாணத்தை யார் முடிவு செய்வது என்று கேள்விகள். ஊர்ப் பிள்ளை என்றபடியால் எனக்கு வேலை கிடைத்தது. வெளியாள் போனால் சனம் கதவு திறக்காது, நான் போனால் திறக்கும் என்று நினைத்தார்கள். அந்த நினைப்புத்தான் என்னையும் கெடுத்தது. ஊரை எனக்குத் தெரியும், பிறகு கேட்டுத் தெரிந்துகொள்ள என்ன இருக்கிறது?

சனம் கதவு திறக்கத்தான் செய்தது. வாய்தான் திறக்கவில்லை. அந்த வருசம் ஜனவரியில் களப்புக்கு அந்தப் பக்கம் வனாத்தவில்லுத் தென்னந்தோட்டத்தில் வெடிமருந்து பிடிபட்டது. ஏப்ரல் 21, உயிர்த்த ஞாயிறன்று குண்டுகள் வெடித்தன. 29ஆம் திகதி முகம் மூடத் தடை வந்தது. மே 13இல் எங்கள் மாவட்டத்துக் கொட்டாரமுல்லையில் ஒரு தச்சரை வெட்டிக் கொன்றார்கள். அதற்கு முன்னும் பின்னும் வீடு வீடாகச் சோதனை. அரபு எழுத்துள்ள புத்தகத்தை எங்கே ஒளிப்பது என்று தெரியாமல் தவித்த சனத்திடம், நான்கே மாதம் கழித்து ஒரு பொடியன் கிளிப் போட்ட பலகையோடு வந்து “நீங்கள் எந்த அளவுக்கு மார்க்கப்பற்று உள்ளவர்?” என்று கேட்டால் என்ன சொல்லும்?

“எழுதாதீங்க மகன்” என்றார் ஒரு மாமி. “பேர் இல்லாட்டியும் எழுதாதீங்க.” இன்னொரு வீட்டில், 1990 ஒக்டோபரில் புலிகள் துரத்த மன்னாரிலிருந்து வந்த குடும்பம். முப்பது வருசமாக யார் யாரோ வந்து எண்ணிப் போன சனம் அது. “இதுக்குக் காட் ஏதும் குடுப்பாங்களா? இல்லாட்டி என்னத்துக்கு?” என்றார் பெரியவர். அவருடைய வாக்கு இன்னும் மன்னாரில் இருந்தது. என் போமில் அதற்கென்று ஒரு கட்டம்கூட இல்லை.

பதில் சொல்ல மறுத்தால் 99 என்று போட வேண்டும். 99 கூடினால் போம் திரும்பி வரும், திரும்பி வந்த போமுக்குக் காசில்லை. அதனால் நான் 99ஐ எல்லாம் “ஓரளவு நம்புகிறேன்” என்று மாற்றினேன். அந்த மாதம் எங்கள் ஊர் சொன்ன ஒரே உண்மையான பதில் அந்த 99தான் என்பது, காசை வாங்கி நெடுநாள் கழித்துத்தான் எனக்கு உறைத்தது. கொழும்பில் மேசை முன்னால் இருப்பவருக்கு, ஒரு கரையே பயந்து வாய் மூடியிருந்தது என்ற செய்தி போய்ச் சேரவில்லை. சேர விடாமல் மறித்தவன் நான்.

தொழுகைக் கேள்வி மட்டும் சிரிப்பு. எல்லாரும் அஞ்சு வேளை. அஸர் நேரத்தில் தேத்தண்ணிக் கடையில் கேரம் அடிப்பவர்களும் அஞ்சு வேளைதான். இதற்கு ஊரைக் குறை சொல்ல மாட்டேன். அமெரிக்காவில் நூற்றுக்கு நாற்பது பேர் வாராவாரம் ஆலயம் போவதாகக் கருத்துக்கணிப்புகள் சொல்லிவந்தன. 1993இல் ஹாடவே, மார்லர், சாவ்ஸ் என்ற மூன்று ஆய்வாளர்கள் அதை ஆலயங்களுக்கு வந்தவர்களின் எண்ணிக்கையோடு ஒப்பிட்டுப் பார்த்தார்கள். ஏறக்குறையப் பாதிதான் தேறியது. ஆனால் அங்கே பொய் சொன்னவர்கள் வாயால் சொன்னார்கள். என் பதின்மூன்று பேருக்கு அந்த வாய்ப்பையும் நான் கொடுக்கவில்லை.

இனி அந்த வீடு.

ஒரு வீட்டில் யாரைக் கேட்பது என்பதை நாம் முடிவு செய்யக்கூடாது. லெஸ்லி கிஷ் என்பவர் 1949இல் வகுத்த ஒரு கட்டம் உண்டு. வீட்டில் பதினெட்டு வயது தாண்டியவர்களை வரிசைப்படுத்தி, போம் இலக்கத்தோடு சேர்த்துப் பார்த்தால் ஒரு ஆளைக் காட்டும். விறாந்தையில் இருக்கிறவரே எப்போதும் பேசிவிடக் கூடாது என்பதற்காகத்தான் அந்த ஏற்பாடு. அன்று அது மகளைக் காட்டியது. பத்தொன்பது வயது.

வாப்பா, இரண்டு போட் வைத்திருக்கும் சம்மாட்டி, விறாந்தையில் இருந்தார். “உள்ளுக்கு இருக்கிற புள்ளைட்ட என்னத்தக் கேக்கப் போறீங்க தம்பி? என்னட்டக் கேளுங்க. அவட பதிலும் என்ட பதிலும் ஒண்டுதான்.”

உள்ளே தையல் மெசின் ஓடிக்கொண்டிருந்தது. நான் கேட்டுக்கொண்டே போனேன், அவர் சொல்லிக்கொண்டே போனார். பிறகு அந்தக் கேள்வி: நிக்காஹ் பதிவில் மணமகளும் கையெழுத்திட வேண்டும் என்று சட்டத்தைத் திருத்தினால் ஏற்பீர்களா? 1951ஆம் ஆண்டுச் சட்டப்படி அப்போது பெண்ணின் கையெழுத்து வேண்டியிருக்கவில்லை, அவளுடைய பொறுப்பாளரான வலிகாரர் போட்டால் போதுமாக இருந்தது. இதையெல்லாம் ஆராய 2009இல் சலீம் மர்சூப் தலைமையில் குழு போட்டு, 2018இல்தான் அறிக்கை வந்தது. நாடே வாதாடிய விசயம்.

மெசின் நின்றது.

“தேவையில்ல எண்டு போடுங்க” என்றார் வாப்பா.

திரைக்குப் பின்னால் ஆள் நிற்பது தெரிந்தது. “ராத்தாட்ட ஒருக்காக் கேக்கட்டா?” என்று வாய்வரை வந்தது. கேட்கவில்லை. வேணாம் என்று அவர் சொல்லியிருக்கவும் கூடும், சரி என்று சொல்லியிருக்கவும் கூடும். நான் “தேவையில்லை”க்கு வட்டம் போட்டேன். மேலே எழுதினேன்: பத்தொன்பது வயது, பெண். மெசின் மறுபடி ஓடத் தொடங்கியது.

உண்மை என்று நான் சொல்லிக்கொள்ளும் ஏழில் இதுவும் ஒன்று. ஆள் இருந்தது, வீடு இருந்தது, பதிலும் இருந்தது. எனவே ஆறு என்று திருத்திக்கொள்ளுங்கள்.

மற்றப் போம்களை எழுத இந்த வீடுதான் தைரியம் தந்தது. மகளுக்கு வாப்பா சொல்லலாம் என்றால் ஊருக்கு நான் சொன்னால் என்ன? சந்தேகம் வராதிருக்க மூன்றுக்கு ஒன்றை மாற்றி எழுதினேன். சரிபார்க்கப் போன் எடுப்பார்கள் என்று மச்சான்மாரின் இலக்கங்களைக் கொடுத்தேன். ஒருவனுக்குக் கோல் வந்தது. “ஓம், வந்தார், நல்லாப் பேசினார்” என்றானாம். அவனையும் பொய்யனாக்கினேன்.

சுப்பர்வைசர் என் கட்டைத்தான் மற்றவர்களுக்குக் காட்டினார்: ஒரு கட்டம்கூட விடுபடவில்லை பாருங்கள். பிறகொரு நாள் மைக்கேல் லகூரைப் பற்றி வாசித்தபோது அந்தப் பாராட்டு நினைவுக்கு வந்து உடம்பு கூசியது. ஒருபாலினத் திருமணம் பற்றி வாசலில் நின்று சிறிது நேரம் பேசினால் அமெரிக்கர் மனம் மாறி அப்படியே நிலைக்கும் என்று, 2014 டிசெம்பரில் ‘சயன்ஸ்’ இதழில் வந்த கட்டுரை அவருடையது. ப்ரூக்மன், கலா என்ற இரு இளம் ஆய்வாளர்கள் அதைப் போலச் செய்யப் போய், தரவு சந்தேகப்படும் அளவுக்கு ஒழுங்காக இருப்பதைக் கண்டார்கள். 2015 மேயில் கட்டுரை திரும்பப் பெறப்பட்டது. நிஜமான சனத்தின் பதிலில் பிசிறு இருக்கும். என் கட்டில் இல்லை. என்னை யாரும் பிடிக்கவும் இல்லை. அறிக்கை அச்சாகி வந்தது, அதில் எங்கள் மாவட்டமும் ஒரு வரி.

2022இல் அந்தப் பிள்ளைக்குக் கலியாணம். எனக்கும் சொல்லியிருந்தார்கள், போனேன், சகனில் இருந்து சாப்பிட்டேன். அதற்கு முன் நிக்காஹ். கொப்பியில் மாப்பிள்ளை கையெழுத்திட்டார், வாப்பா கையெழுத்திட்டார். சாட்சிக்கு இன்னும் ஒரு ஆள் தேவைப்பட்டது. வாப்பா சுற்றிப் பார்த்தார்.

“தம்பி, நீங்க வாங்க. உங்கட எழுத்து வடிவு.”

பேனையை வாங்கிக் கையெழுத்துப் போட்டேன்.