ஏரிக்கரையில் தோண்டினோம்

மாமா கல்லைத் தட்டிப் பார்க்க மாட்டார். உள்ளங்கையில் வைத்து இரண்டு முறை ஏற்றி இறக்குவார், அவ்வளவுதான். "அளவுக்கேத்த கனம் இல்லையா, உள்ள கூடு இருக்குன்னு அர்த்தம். எடுத்து வை. கனமா இருந்தா அடைச்சுப்போன கல்லு. அதுலயும் வரி வரியா அழகு இருக்கும், ஆனா அதை அறுத்துத்தான் பாக்கணும்."

யூட்டா மாநிலத்தின் மேற்குப் பாலைவனத்தில் டக்வே என்ற பக்கம் அது. சால்ட் லேக் சிட்டியிலிருந்து தென்மேற்கே போனால் ஓரிடத்தில் தார் ரோடு நின்றுவிடும். அதன்பின் வெகுதூரத்துக்குச் சரளைப் பாதைதான். பழைய குதிரைத் தபால்காரர்கள் பறந்த பாதை. 1860 ஏப்ரலில் தொடங்கிய அந்தத் தபால், கண்டம் கடக்கும் தந்தி வந்ததும் 1861 அக்டோபரில் படுத்துவிட்டது. ஒன்றரை வருஷம் ஓடிய ஒரு கம்பெனிக்கு அமெரிக்காவில் இருக்கிற பெயரைப் பார்த்தால் சிரிப்புத்தான் வருகிறது.

வண்டியில் கல்லைவிடத் தண்ணீர் கேன்தான் அதிகம். வழியில் கடையும் கிடையாது, பெட்ரோலும் கிடையாது. வடக்கே ராணுவத்தின் சோதனை நிலம், 1942இல் வேலி போட்டது. 1968 மார்ச்சில் பக்கத்து ஸ்கல் பள்ளத்தாக்கில் ஆயிரக்கணக்கான ஆடுகள் செத்து விழுந்த கதையை மாமா அங்கே வரும்போதெல்லாம் சொல்வார். நரம்பைத் தாக்கும் விஷவாயுச் சோதனை. ராணுவம் நஷ்டஈடு கொடுத்தது, பழியை மட்டும் ஏற்கவில்லை. "ஆடு மேய்க்கிறவனுக்கு ரெண்டும் வேணும்ல?" என்று ஸ்டியரிங்கைத் தட்டுவார்.

தோண்டுகிற இடம் பார்வைக்கு ஒன்றுமில்லை. ஆளாளுக்கு வெட்டிப் போட்ட குழிகள், சாம்பலும் வெள்ளையுமாய்க் களிமண். குழியின் பக்கச் சுவரைக் கடப்பாரையால் நெம்பினால் உருண்டைகள் உதிரும். விளாங்காயைப் போலச் சொரசொரத்த ஓடு, அதே மங்கிய நிறம். இதற்காகவா இவ்வளவு தூரம் என்று தோன்றும், உடைக்கிற வரைக்கும். சொந்த ஆசைக்கு எடுத்துப் போகலாம், விற்கக் கூடாது என்பது அரசு நிலத்தின் விதி.

உடைப்பதிலும் மாமாவுக்கு முறை உண்டு. அடுத்த குழிக்காரர்கள் சம்மட்டியால் ஒரே போடு போட்டுச் சில்லுகளைப் பொறுக்குவார்கள். மாமா உளியை வைத்துச் சுற்றிலும் மெல்லத் தட்டி, கல்லைத் திருப்பித் திருப்பி ஒரு கோடு போடுவார். கல்லே மனசுவைத்துப் பிளக்கும். உள்ளே பளிங்கு ஊசிகள் நெருக்கமாய், பெரும்பாலும் வெள்ளை, எப்போதாவது லேசான ஊதா. கடைகளில் கண்ணைப் பறிக்கும் நீலத்தில் விற்கிறார்களே, அதில் பெரும்பாலும் சாயம். டக்வே கல் அடக்கமானது. எனக்கு இதுதான் பிடிக்கும்.

அந்த ஊசிகளைப் பார்க்கும்போதெல்லாம் மனம் தண்ணீருக்கே போய்விடுகிறது. அறுபது எண்பது லட்சம் வருஷங்களுக்கு முன் எரிமலைக் குழம்பு ரயோலைட்டாக இறுகியபோது, வாயு சிக்கிய இடங்கள் பொந்துகளாக நின்றன. நிலத்தடி நீர் சிலிக்காவைக் கரைத்துக்கொண்டு வந்து பொந்தின் சுவரில் படிவுபடிவாய்ப் பூசியது. அதோடு தண்ணீர் விட்டுவிடவில்லை. பனியுகத்தில் மேற்கு யூட்டாவை மூடிக் கிடந்தது பான்வில் ஏரி, ஆழமான இடத்தில் சுமார் ஆயிரம் அடி. அதன் அலைகள் எரிமலைப் பாறையை அரித்து, இந்த உருண்டைகளைப் பிய்த்து, சில மைல் உருட்டிவந்து தன் வண்டலில் புதைத்தன. ஆக, நாங்கள் தோண்டியது எரிமலையை அல்ல, ஏரியின் சேற்றை. முதுகு வெந்து, உதடு வெடித்து, கேனில் கடைசிச் சொட்டைக் கவிழ்த்துக்கொண்டு நின்றது ஏரிக்குள்.

மாமா வீட்டுப் பின்வாசலிலிருந்தே அந்த ஏரி தெரியும். அதாவது, மலைச்சரிவில் அது நின்ற மட்டம் ஒரு படியாக, நீளமாக ஓடும். புவியியலாளர் கில்பர்ட் இந்தக் கரைகளை நடந்து நடந்து அளந்து 1890இல் பெரிய நூலே வெளியிட்டார். மிச்சம் இருப்பது பெரிய உப்பு ஏரியும் அதைப் போன்ற சில தேக்கங்களும். அந்த உப்பு ஏரி இன்னும் சுருங்குகிறதே என்று இப்போது ஊரே கவலைப்படுகிறது.

ஒருநாள் ராத்திரி மாமா சின்னப் புற ஊதா விளக்கு ஒன்று வாங்கிவந்தார். கராஜ் விளக்கை அணைத்துவிட்டுக் கல்லின் மேல் அடித்தார். படிகத்தைச் சுற்றிய ஓரம் எலுமிச்சைப் பச்சையில் எரிந்தது. அத்தை அசந்துபோய், "ஐயோ, எவ்வளவு அழகு! எதனாலங்க?" என்றார்.

"துளி யுரேனியம்."

விளக்கைப் போட்டுவிட்டு அத்தை அவரையே பார்த்தார். "இதைத்தான் அடுப்படி ஜன்னல்ல வரிசையா அடுக்கி வச்சிருக்கீங்களா?"

மிகமிகக் கொஞ்சம்தான், ஒன்றும் செய்யாது என்று மாமா சொன்னதெல்லாம் எடுபடவில்லை. அன்று ராத்திரியே நானும் அவரும் கூடைகூடையாய்க் கொல்லைப்புறத்துக்குச் சுமந்தோம்.