டப்பாவின் பின்பக்கம்



இந்த வாரம் வழக்கத்திற்குச் சற்று மாறான ஒரு பொருளை உங்கள் சிந்தனைக்குக் கொண்டுவருகிறேன். அண்மைக்காலமாக ஆராதனை முடிந்து ஆலய வாசலில் விடைபெறும் வேளையில் பலர் என்னிடம் கேட்கும் கேள்வி ஒன்று உண்டு. “ஐயா, மாவுச்சத்துக் குறைந்த ஷேக் என்று விற்கிறார்களே, காலை இட்லிக்குப் பதிலாக அதைக் கலக்கிக் குடித்தால் எடை குறையுமாமே, குடிக்கலாமா?” கேட்பவர்களில் சர்க்கரை நோய்க்கு மாத்திரை உட்கொள்ளும் பெரியவர்கள் உண்டு, பிள்ளைப்பேற்றுக்குப் பின் ஏறிய எடை இறங்கவில்லையே என்று வருந்தும் தாய்மார் உண்டு, திருமண நாள் குறிக்கப்பட்ட பெண்பிள்ளைகளும் உண்டு. நான் மருத்துவம் பயின்றவன் அல்லன், இறையியல் பயின்றவன். ஆயினும் சபையில் இத்தனை பேர் பணமும் நம்பிக்கையும் வைக்கிற ஒன்றைப் பற்றி மேய்ப்பன் அறியாதிருப்பது முறையன்று என்று கருதி, படித்தறிந்தவற்றையும் மருத்துவர்களிடம் கேட்டறிந்தவற்றையும் எளிய முறையில் உங்கள் முன் வைக்கிறேன்.

முதலாவதாக, அந்த டப்பாவுக்குள் என்ன இருக்கிறது என்று பார்ப்போம். முதன்மையான பொருள் புரதம். பெரும்பாலான பொடிகளில் இது பாலிலிருந்து எடுக்கப்படுகிறது. பால் திரியும்போது கட்டி தனியே நிற்க, தெளிந்த நீர் பிரிகிறதல்லவா? அந்த நீரிலுள்ள புரதத்தையே ‘வே புரதம்’ என்கிறார்கள். கட்டியாக நிற்பதில் உள்ளது ‘கேசின்’. பால் ஒவ்வாதவர்களுக்காக சோயாவிலிருந்தும் பட்டாணியிலிருந்தும் எடுத்த புரதம் சேர்த்த வகைகளும் உண்டு. அடுத்து, சிறிதளவு எண்ணெய்க் கொழுப்பு. பிறகு நார்ச்சத்து: சிக்கரி வேரிலிருந்து பெறப்படும் இனுலின், கொத்தவரை விதையின் பசை, இசப்கோல் போன்றவை. இவை பானத்தைக் கெட்டியாக்கி வயிறு நிறைந்த உணர்வைத் தருகின்றன. இனிப்புக்காகச் சர்க்கரைக்குப் பதில் சுக்ரலோஸ் அல்லது சீனித்துளசிச் சாறு இருக்கும். இறுதியாக வைட்டமின்களும் இரும்பு, கால்சியம் முதலான தாதுக்களும் சேர்க்கப்படுகின்றன.

இவற்றில் அஞ்சத்தக்கதோ அதிசயமானதோ ஒன்றுமில்லை. ஆனால் டப்பாவின் முன்பக்கத்தில் பெரிய எழுத்தில் அச்சிட்டிருப்பதை மட்டும் வாசித்து வாங்காதீர்கள். பின்பக்கத்துச் சிறிய எழுத்துகளையும் வாசியுங்கள். ‘சர்க்கரை சேர்க்கப்படவில்லை’ என்று எழுதிய சில பொடிகளில் மால்டோடெக்ஸ்ட்ரின் என்னும் பொருள் இருக்கக் காணலாம். அது மாவுப்பொருளை உடைத்துச் செய்யப்படுவது; நாவுக்கு அவ்வளவாக இனிக்காது. ஆயினும் இரத்தத்தில் சர்க்கரையை நாம் தேநீரில் போடும் சீனியைப் போலவே விரைவாக ஏற்றிவிடும். மால்டிடால் என்னும் இனிப்பும் சீனியைவிடக் குறைவாகவேனும் சர்க்கரையை உயர்த்தக்கூடியதே. மிகுதியாக உட்கொண்டால் வயிற்றுப்போக்கும் உண்டாகும். மூலப்பொருள்களை எடையின் இறங்குவரிசையில் அச்சிடுவதே முறை. ஆகவே பட்டியலின் முதல் மூன்று பெயர்களுக்குள் இவை இருந்தால், முன்பக்கத்தில் எழுதியிருப்பது எதுவாயினும் அதை மாவுச்சத்துக் குறைந்த பானம் என்று நம்ப வேண்டாம்.

இன்னொரு கணக்கையும் கவனியுங்கள். ஒரு கரண்டிப் பொடியில் மாவுச்சத்து 4 கிராம் என்று அச்சிட்டிருக்கலாம். அதை 200 மில்லி பாலில் கலக்கினால், பாலில் இயல்பாக உள்ள சர்க்கரையால் மேலும் ஏறக்குறைய 10 கிராம் சேரும். ஒரு வாழைப்பழத்தையும் அரைத்துச் சேர்த்தால் இன்னும் 20 கிராமுக்கு மேல் கூடிவிடும். மொத்தத்தில், 100 கிராம் வெள்ளைச் சோற்றிலுள்ள 28 கிராமைக் காட்டிலும் அதிகமான மாவுச்சத்து அந்த ஒரு குவளைக்குள் சென்றுவிடுகிறது. பொடி பொய் சொல்லவில்லை. நாம் கலக்கிய குவளையின் கணக்கு வேறு.

அப்படியானால் இதனால் நன்மை உண்டா? உண்டு என்றே சொல்லவேண்டும். நம் மக்களின் அன்றாட உணவில் பாதிக்கும் மேற்பட்ட ஆற்றல் சோறு, இட்லி, தோசை, சப்பாத்தி என மாவுச்சத்திலிருந்தே வருகிறது. நம் நாட்டில் 10 கோடிக்கும் மேற்பட்டோருக்கு நீரிழிவு இருப்பதாக இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் ஆதரவில் நடந்த ஆய்வு 2023-ல் அறிவித்தது. உண்டபின் இரத்தச் சர்க்கரையை அதிகமாக உயர்த்துவது மாவுச்சத்தே. அதைக் குறைத்தால் அந்த ஏற்றமும் குறையும். புரதம் பசியை நெடுநேரம் அடக்கும். எடை குறையும்போது தசை கரையாமல் காக்கவும் உதவும். எல்லாவற்றிற்கும் மேலாக, அளவு முன்கூட்டியே நிர்ணயிக்கப்பட்டிருக்கிறது. “இன்னும் ஒரு கரண்டி போட்டுக்கொள்ளுங்கள்” என்ற அன்பான வற்புறுத்தலுக்கு அங்கே இடமில்லை.

இதற்கு நல்ல சான்று ஒன்றும் உண்டு. பிரிட்டனில் ராய் டெய்லர், மைக் லீன் என்னும் பேராசிரியர்கள் ‘டைரக்ட்’ என்ற ஆய்வை நடத்தி அதன் முடிவை 2017-ல் வெளியிட்டார்கள். ஆறு ஆண்டுகளுக்குள் சர்க்கரை நோய் கண்டறியப்பட்டு, இன்சுலின் போடாதவர்களே அதில் சேர்க்கப்பட்டார்கள். அவர்களில் ஒரு பிரிவினர் மூன்று முதல் ஐந்து மாதங்கள் வரை நாளொன்றுக்கு 825 முதல் 853 கலோரி தரும் பானங்களையும் சூப்புகளையும் மட்டுமே உட்கொண்டார்கள். ஓராண்டு முடிவில் அந்தப் பிரிவில் 46 விழுக்காட்டினர் மருந்தின்றியே நோய் தணிந்த நிலையை அடைந்திருந்தார்கள். வழக்கமான சிகிச்சை பெற்றவர்களில் அவ்வாறு ஆனவர்கள் 4 விழுக்காட்டினரே.

பிரியமானவர்களே, இதில் பலர் அறியாத ஒரு செய்தி உண்டு. அந்தப் பானங்கள் மாவுச்சத்துக் குறைந்தவை அல்ல. அவற்றின் ஆற்றலில் ஏறக்குறைய 59 விழுக்காடு மாவுச்சத்திலிருந்தே வந்தது. நன்மை செய்தது மொத்த உணவின் அளவு குறைந்ததும், அதனால் எடை இறங்கியதும், மருத்துவக் குழுவினர் உடனிருந்ததுமே. அமெரிக்காவின் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகம் 609 பேரைக் கொண்டு நடத்திய ஆய்வு 2018-ல் வெளியானது. அதில் மாவுச்சத்தைக் குறைத்தவர்கள் ஓராண்டில் சராசரியாக 6 கிலோவும், கொழுப்பைக் குறைத்தவர்கள் 5.3 கிலோவும் இழந்தார்கள். இது பொருட்படுத்தத்தக்க வேறுபாடன்று. எனவே ‘மாவுச்சத்துக் குறைவு’ என்ற இரு சொற்களுக்காக மட்டும் இரட்டிப்பு விலை கொடுக்கவேண்டிய அவசியமில்லை. முதல் வாரத்தில் ‘இரண்டு கிலோ குறைந்துவிட்டது’ என்று மகிழ்பவர்களும் ஒன்றை அறிந்துகொள்ளுங்கள்: மாவுச்சத்தை நிறுத்தியவுடன் உடலில் சேமித்த சர்க்கரையும் அதனோடு பிணைந்த நீருமே முதலில் வெளியேறுகின்றன. கொழுப்பு கரைவது மெதுவாகவே நடக்கும்.

அடுத்து ஓர் எச்சரிக்கை. புரதப்பொடி வேறு, உணவுக்கு மாற்றான பானம் வேறு. 1991-ல் வகுக்கப்பட்ட கோடெக்ஸ் என்னும் பன்னாட்டு உணவுத் தரத்தின்படி, ஒரு வேளை உணவுக்கு ஈடாகும் பானம் 200 முதல் 400 கலோரி வரை தரவேண்டும். அந்த வேளைக்குரிய வைட்டமின்களும் தாதுக்களும் அதில் இருக்கவேண்டும். உடற்பயிற்சி செய்வோர் பயன்படுத்தும் சாதாரணப் புரதப்பொடி ஒரு கரண்டிக்கு 120 கலோரி அளவே தரும். அதை உணவென்று கொள்ளலாகாது. 1970-களில் அமெரிக்காவில், விலங்குகளின் தோல் முதலியவற்றிலிருந்து எடுத்த தரம் குறைந்த புரதத் திரவத்தை மட்டுமே பலர் மாதக்கணக்கில் குடித்தார்கள். எடை குறைந்தது, ஆனால் 1977-ஐ ஒட்டிய காலத்தில் ஐம்பதுக்கும் மேற்பட்டோர் இறந்ததாகப் பதிவாயிற்று. பலருக்கு இதயத் துடிப்பு தாறுமாறாகி உயிர் பிரிந்தது. இன்றைய தரமான பானங்கள் அவற்றினும் மிகவும் மேம்பட்டவை. எனினும், மருத்துவக் கண்காணிப்பின்றி எல்லா வேளை உணவையும் விட்டுவிட்டுப் பொடியை மட்டுமே நம்பி வாழ ஒருவரும் துணியவேண்டாம்.

சர்க்கரை நோயுள்ள பெரியவர்களே, இந்தப் பகுதியைத் தயவுசெய்து இருமுறை வாசியுங்கள். இன்சுலின் போடுபவரோ, கிளிமிபிரைடு போன்ற மாத்திரை உட்கொள்பவரோ மாவுச்சத்தைத் திடீரென்று குறைத்தால், சர்க்கரை அபாயகரமாகத் தாழ்ந்து மயங்கி விழக்கூடும். டாபாகிளிஃப்ளோசின், எம்பாகிளிஃப்ளோசின் வகை மாத்திரை உட்கொள்பவர் அவ்வாறு செய்தால், சர்க்கரை அளவு ஏறாமலேயே இரத்தத்தில் அமிலம் பெருகி உயிருக்கே ஆபத்து நேரலாம். இரத்த அழுத்த மாத்திரையின் அளவையும் மாற்றவேண்டி வரலாம். நான் மேலே கூறிய பிரிட்டன் ஆய்விலும், பானம் தொடங்கிய முதல் நாளிலேயே மருத்துவர்கள் இத்தகைய மாத்திரைகளை நிறுத்தி, தொடர்ந்து கண்காணித்தார்கள். நீங்களாக மாத்திரையை நிறுத்தவும் வேண்டாம். மருத்துவரிடம் சொல்லாமல் டப்பாவைத் திறக்கவும் வேண்டாம். சிறுநீரக நோயாளிகள், கர்ப்பிணிகள், பாலூட்டும் தாய்மார், வளரும் பிள்ளைகள் ஆகியோரும் மருத்துவர் அனுமதியின்றி இதைத் தொடக்கூடாது. எடை மிக விரைவாக இறங்கினால் பித்தப்பையில் கல் உண்டாகவும் வாய்ப்புண்டு.

லெந்து நாட்களில் உபவாசத்தையும் இந்தப் பானத்தையும் ஒன்றாகச் சேர்த்துக்கொள்ளும் வழக்கமும் சிலரிடம் தோன்றியிருக்கிறது. எடை குறைப்பதற்காகக் குடிப்பது உணவுக்கட்டுப்பாடு, அது நல்லதே. ஆனால் அதற்கு உபவாசம் என்று பெயரிட்டால், இரண்டின் நோக்கமும் மங்கிவிடும். உபவாச நாளில் மாத்திரையை எப்படி உட்கொள்வது என்பதை மருத்துவரிடம் கேட்பது விசுவாசக் குறைவும் அன்று; அது நமக்குக் கொடுக்கப்பட்ட சரீரத்தைப் பேணும் பொறுப்பு.

டப்பா தீர்ந்த மறுநாள் என்ன செய்யப்போகிறீர்கள் என்பதே எல்லாக் கேள்விகளிலும் பெரியது. 1988-ல் அமெரிக்கத் தொலைக்காட்சி நிகழ்ச்சியாளர் ஓப்ரா வின்ஃப்ரே, திரவ உணவால் 67 பவுண்டு, அதாவது ஏறக்குறைய 30 கிலோ, குறைத்துவிட்டு, அத்தனை கொழுப்பையும் ஒரு சிறு வண்டியில் வைத்து மேடைக்கு இழுத்துவந்து காட்டினார். பின்பு வழக்கமான உணவுக்குத் திரும்பியதும் எடையும் திரும்பியது. அதை அவரே வெளிப்படையாகச் சொல்லியிருக்கிறார். பிரிட்டன் ஆய்விலும் இரண்டாம் ஆண்டு முடிவில் நோய் தணிந்தவர்களின் விகிதம் 36 விழுக்காடாகக் குறைந்தது. இழந்த எடையைக் காத்துக்கொண்டவர்களே பெரும்பாலும் நலத்தையும் காத்துக்கொண்டார்கள். எனவே பானம் குடிக்கும் நாட்களிலேயே மற்ற வேளைத் தட்டைச் சீர்ப்படுத்தத் தொடங்குங்கள். சோற்றைப் பாதியாக்கி, பொரியலையும் கீரையையும் இரட்டிப்பாக்குங்கள். இரண்டு அவித்த முட்டையும் 100 கிராம் சுண்டலும் சேர்ந்தால் ஏறக்குறைய 20 கிராம் புரதம் கிடைக்கும். மாவுச்சத்து சற்றுக் கூடுதலாயினும், ஒரு குவளை ஷேக் தரும் புரதத்திற்கு இது ஈடாகும், விலையோ மிகக் குறைவு. வீட்டில் அரைக்கும் சத்துமாவு நல்லதெனினும், அதில் பெரும்பகுதி தானியமே என்பதை நினைவில் வையுங்கள்.

முடிவாக, குடும்பங்களுக்குச் சில வார்த்தைகள். மணப்பெண் இத்தனை கிலோ குறைந்து வரவேண்டும் என்று எந்த வீடும் கேட்கவேண்டாம். மருத்துவர் சரியென்று சொல்லும் எடையிலுள்ள மகளின் கையில் எந்தத் தாயும் இந்த டப்பாவைக் கொடுக்கவேண்டாம். சபைக்குள் இதை விற்பனை செய்யும் சகோதர சகோதரிகளே, வாங்குபவர் என்ன மருந்து உட்கொள்கிறார் என்று கேட்காமல் விற்காதீர்கள். கடன் வாங்கி வாங்குபவரிடம் விற்கவே விற்காதீர்கள். வீடுகளைச் சந்திக்கச் செல்லும்போது ஒரு காட்சியைப் பலமுறை காண்கிறேன். மற்றவர்கள் எல்லாரும் அமர்ந்து உண்ண, தாய் மட்டும் அடுப்படியில் நின்றபடியே தன் குவளையைக் குடித்து முடிக்கிறார். தாய்மார்களே, ஷேக் குடித்தாலும் குடும்பத்தோடு அமர்ந்து குடியுங்கள். உங்கள் தட்டு மாறலாம். பந்தியில் உங்கள் இடம் காலியாக இருக்கவேண்டாம்.

கர்த்தர் உங்களுக்கு நல்ல சுகத்தையும், எதையும் அளவோடு கொள்ளும் தெளிந்த புத்தியையும் அருள்வாராக.