எனக்கு ரெண்டு அண்ணன் இருக்காங்க

புதுச்சேரிக்கு ஆங்கிலம் கொஞ்சம் தாமதமாக வந்த விருந்தாளி. 1954 நவம்பர் 1 வரை இங்கே நிர்வாகம் பிரெஞ்சுக்காரர்கள் கையில் இருந்தது. சட்டப்படி கைமாறியது 1962 ஆகஸ்ட் 16இல்தான். தெருப் பலகைகளில் இன்னும் 'ரூ' இருக்கிறது. ஆனால் இப்போது வேலை வாங்கித் தருவது ஆங்கிலம். அதற்காகத்தான் லாஸ்பேட்டையில் நான் நடத்தும் மாலை வகுப்புக்குப் பிள்ளைகள் வருகிறார்கள்.

அவர்களில் ஒருத்தி தங்கும் விடுதி ஒன்றின் வரவேற்பு மேசை வேலைக்கு நேர்காணலுக்குப் போனாள். குடும்பத்தைப் பற்றிக் கேட்டதற்கு 'ஐ ஆம் ஹேவிங் டூ பிரதர்ஸ்' என்றாளாம். எதிரே இருந்த இரண்டு பேரும் ஒருவரையொருவர் பார்த்துச் சிரித்திருக்கிறார்கள்.

"தப்புன்னா சொல்லியிருக்கலாமே மிஸ், எதுக்கு சிரிக்கணும்?"

அதன்பிறகு இரண்டு வாரம் வகுப்பில் அவள் வாயே திறக்கவில்லை.

அந்த வாக்கியம் எங்கிருந்து வந்தது என்று பாருங்கள். 'அண்ணன் இருக்காங்க', 'வந்துகிட்டு இருக்கேன்' இரண்டுக்கும் தமிழில் ஒரே 'இரு'தான். அந்தப் பழக்கம் ஆங்கிலத்திலும் 'இங்' கேட்கிறது. அங்கே உறவையும் உடைமையையும் சொல்லும் 'ஹேவ்' அதை ஏற்காது: 'ஐ ஹேவ் டூ பிரதர்ஸ்'. அதே 'ஹேவ்' சாப்பிடுவதைக் குறித்தால் 'ஐ ஆம் ஹேவிங் லஞ்ச்' சரி.

'டிஸ்கஸ் அபௌட்' கதையும் இதுதான். நாம் ஒரு விஷயத்தை'ப் பத்தி'ப் பேசுகிறோம். 'டிஸ்கஸ்' அந்தப் 'பத்தி'யைத் தனக்குள்ளேயே வைத்திருக்கிறது. 'கசின் பிரதர்' வருவதற்குக் காரணம் நம் உறவுமுறை. சித்தப்பா மகன் நமக்குத் தம்பி, மாமா மகன் மச்சான். ஆங்கிலத்தில் இருவரும் வெறும் 'கசின்'.

எல்லாமே தப்பில்லை. 'ப்ரீபோன்' ஆக்ஸ்ஃபோர்டு அகராதியிலேயே இருக்கிறது. 'டூ த நீட்ஃபுல்' வெள்ளைக்காரர்களே எழுதிப் பழைய பாணி என்று கைவிட்டது. நம் அலுவலகங்கள் விடவில்லை. காலேஜ் முடித்ததை 'பாஸ்டு அவுட்' என்றால் நமக்குப் புரியும். வெளிநாட்டுப் பயணிக்கு மயங்கி விழுந்தது போல் கேட்கும். அவரிடம் 'கிராஜுவேட்டட்' சொல்லலாம். அதனால் போர்டில் இரண்டு பத்தி போடுகிறேன்: ஒன்று 'தப்பு', இன்னொன்று 'ஆளைப் பார்த்து'.

1908 முதல் 1918 வரை இதே ஊரில் வாழ்ந்த பாரதிக்கு எதிர்த்திசையில் இதே சிக்கல். 'மெம்பர்' என்பதற்குத் தமிழ்ச் சொல் தேடி, அவயவி, அங்கத்தான், சபிகன் என்று ஒவ்வொன்றாக எடுத்துப் பார்த்து, எதுவும் மனசுக்கு ஒத்துவராமல் 'மெம்பர்' என்றே எழுதினார். அதற்காக அவருக்குத் தமிழ் தெரியாது என்று யாரும் சொல்லவில்லை. ஒரு மொழியிலிருந்து இன்னொன்றுக்குப் போகிற எவருக்கும் வாசற்படியில் கால் தடுக்கும்.

வரவேற்பு மேசையில் இலக்கணம் வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. அந்தப் பெண்ணுக்கு அது மாதச் சம்பளம். ஆனால் சிரிப்புக்குப் பயந்து பேச்சை நிறுத்தியவளிடம் எந்த வாக்கியத்தைத் திருத்துவது?

இப்போதெல்லாம் திருத்துவதற்கு முன்னால், "இதைத் தமிழ்ல எப்படிச் சொல்லுவ?" என்று கேட்கிறேன். அந்தத் தமிழ் வாக்கியத்தை முதலில் போர்டில் எழுதி, அதற்குக் கீழே ஆங்கிலத்தை எழுதுகிறேன். எந்தச் சொல் எதை இழுத்து வந்தது என்று அவர்களே கோடு போட்டுக் காட்டிவிடுகிறார்கள்.