ஐந்து சென்டிமீட்டர் தண்ணீர்

"ஏழாம் மாசத்துல பிறந்தா பிழைக்கும், எட்டாம் மாசத்துல பிறந்தா தங்காது" என்று நம் பக்கத்துப் பெரியவர்கள் சொல்வதை நீங்களும் கேட்டிருப்பீர்கள். பழைய கிரேக்க வைத்திய நூல்களில்கூட இந்த எட்டாம் மாசப் பயம் உண்டு. இதில் துளியும் உண்மை கிடையாது. வயிற்றில் ஒரு வாரம் கூட இருந்தால் நுரையீரல் ஒரு வாரம் கூட முற்றும், அவ்வளவுதான் கணக்கு.

1978-ல் என் அக்காவுக்கு எட்டாம் மாசத்தில் ஓர் ஆண் குழந்தை பிறந்தது. மூக்கும் முழியும் லட்சணமாக இருந்தன. ஒரு மணி நேரத்தில் ஒவ்வொரு மூச்சுக்கும் 'ம்... ம்...' என்று முனக ஆரம்பித்தது. விலாவுக்குக் கீழே குழி விழுந்து விழுந்து எழுந்தது. மறுநாள் சாயங்காலம் முனகல் நின்றுவிட்டது. கர்ப்பிணி கிணற்றில் தண்ணீர் சேந்தியதால் வந்த வினை என்று புகுந்த வீட்டில் ஒரு பேச்சு கிளம்பியது. அக்கா பதில் பேசவில்லை. ஆனால் நாற்பது வருஷம் அதை உள்ளேயே வைத்திருந்தாள் என்பது எனக்கு 2019-ல்தான் தெரிந்தது.

அந்த வருஷம் அக்காவின் பேத்திக்கு 32 வாரத்தில் வலி எடுத்துவிட்டது. மன்னார்குடியில் பிரசவம், பெண் குழந்தை, ஒன்றரை கிலோ. அதே முனகல். உடனே 108-ல் ஏற்றி, வடுவூர் வழியாகத் தஞ்சாவூர் ராசா மிராசுதார் மருத்துவமனைக்குக் கொண்டு போனார்கள். ஏறக்குறைய 40 கிலோமீட்டர். மருந்து, ஊசி, பெரிய எந்திரம் என்று எதையெதையோ எதிர்பார்த்துப் போனோம். குழந்தையின் மூக்கில் இரண்டு சிறு குழல்கள். அதிலிருந்து ஒரு குழாய் போய் ஒரு தண்ணீர் பாட்டிலுக்குள் முங்கியிருந்தது. பாட்டிலில் குமிழி வந்துகொண்டே இருந்தது. "குமிழி நின்னா எங்களைக் கூப்பிடுங்கம்மா" என்று தாயிடம் நர்ஸ் சொல்லி வைத்திருந்தார். குமிழி நின்றால் எங்கேயோ காற்று கசிகிறது, மூக்கிலிருந்து குழல் நழுவியிருக்கிறது என்று அர்த்தம்.

இதற்குப் பெயர் சி-பாப். சின்ன வயதில் பப்பாளி இலைக் காம்பைச் சொம்புத் தண்ணீரில் விட்டு ஊதியிருக்கிறீர்களா? மேலாக விட்டால் சுலபமாகக் குமிழி வரும். ஆழமாக விட்டால் கன்னம் வலிக்கும். இங்கேயும் அதே கதைதான். குழாய் ஐந்து சென்டிமீட்டர் ஆழம் முங்கியிருந்தால், குழந்தையின் நுரையீரலுக்குள் ஐந்து சென்டிமீட்டர் தண்ணீர் அளவுக்கு அழுத்தம் எப்போதும் இருக்கும். மூச்சை விட்ட பிறகும் நுரையீரல் முழுதாகச் சுருங்கி ஒட்டிக்கொள்ளாது. புதுப் பலூனை முதலில் ஊதத்தான் பாடு, பாதி ஊதிய பலூன் சுலபம். மூச்சை விடுவது குழந்தைதான், எந்திரம் இல்லை.

குறை மாசக் குழந்தைக்கு நுரையீரல் ஏன் ஒட்டுகிறது? அதன் காற்றறைகளின் உள்பக்கம் சோப்பு மாதிரி ஒரு வழுக்குப் பூச்சு வேண்டும். அது கடைசி வாரங்களில்தான் போதுமான அளவு ஊறும். இதை 1959-ல் அமெரிக்காவில் மேரி எலன் ஏவரி என்ற பெண் டாக்டர் கண்டு சொன்னார். சொல்லி நாலு வருஷம் கழித்து, 1963 ஆகஸ்டில், அதிபர் கென்னடியின் மகன் இதே நோயில் 39 மணி நேரம்தான் உயிரோடு இருந்தான். காரணம் தெரிந்தாயிற்று, வைத்தியம் தெரியவில்லை.

நான் காரைக்காலில் பிரெஞ்சு மீடியத்தில் படித்தவன். இன்குபேட்டரை அந்த மொழியில் 'கூவேஸ்' என்பார்கள். அடைக்கோழிக்கும் அதே சொல்தான். பாரிஸில் தார்னியே என்ற டாக்டர், கோழிக்குஞ்சு பொரிக்கும் பெட்டியைப் பார்த்துத்தான் குழந்தைக்கும் ஒன்று செய்யச் சொன்னார். ஆக, சூட்டுக்கு வழி 1880-களிலேயே கிடைத்துவிட்டது. மூச்சுக்கு வழி கிடைக்க இன்னும் தொண்ணூறு வருஷம் ஆயிற்று. 1971-ல் சான்பிரான்சிஸ்கோவில் ஜார்ஜ் கிரிகரி என்ற டாக்டர் 20 குழந்தைகளுக்கு இந்த அழுத்தத்தைக் கொடுத்துப் பார்த்ததை எழுதினார். 16 பேர் பிழைத்தார்கள். அதற்கு ஏழு வருஷம் கழித்துப் பிறந்த என் அக்கா மகனுக்கு அது வந்து சேரவில்லை.

கிரிகரிக்கு வழி காட்டியதே அந்த முனகல்தான். குழந்தை தொண்டையைப் பாதி மூடி, உள்ளே போன காற்றை வெளியே விடாமல் பிடித்து வைக்கப் பார்க்கிறது. அப்போது வரும் சத்தம் அது. தண்ணீர் பாட்டில் செய்கிற வேலையைக் குழந்தை தானே செய்துகொள்கிறது. கொஞ்ச நேரத்தில் களைத்துவிடுகிறது.

தஞ்சாவூர் வராந்தாவில் உட்கார்ந்து இதை அக்காவிடம் சொன்னேன். "அப்ப தண்ணி சேந்தினதால இல்லியா தம்பி?" என்று கேட்டாள். இல்லை என்றேன். வேறொன்றும் கேட்கவில்லை. முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, காபி வாங்கி வரச் சொன்னாள்.

மூன்றாம் நாள் குழலை எடுத்தார்கள். இதிலும் கவனம் வேண்டும். மூக்கு நடுத்தண்டு புண்ணாகலாம், வயிறு ஊதலாம், ஆக்சிஜன் மிஞ்சினால் கண் போகலாம். சென்னையில் 1996-ல் 29-வது வாரத்தில் பிறந்த ஒரு பெண் குழந்தைக்குக் கண் பரிசோதனை செய்யச் சொல்லாததால் பார்வை போயிற்று. 2015-ல் உச்ச நீதிமன்றம் சுமார் 1.80 கோடி ரூபாய் இழப்பீடு கொடுக்கச் சொன்னது. வழக்கு அவ்வளவு காலம் நடந்ததைப் பற்றி ஒரு பழைய குமாஸ்தா என்ன சொல்ல, பேசாமல் இருக்கிறேன். எங்கள் குழந்தைக்கு ஒரு மாசத்துக்குள் கண்ணைப் பார்த்துவிட்டார்கள்.

எனக்கு இன்னும் உறுத்துவது அந்த 40 கிலோமீட்டர்தான். பெங்களூரில் கோயோ லேப்ஸ் என்ற நிறுவனத்தார் 'சான்ஸ்' என்று ஒரு சி-பாப் செய்திருக்கிறார்கள். கரண்ட் இல்லாவிட்டால் வண்டி பேட்டரியில் ஓடும், அதுவும் இல்லாவிட்டால் கையால் அழுத்தலாம். 2018 நவம்பரில் கஜா புயலுக்குப் பிறகு எத்தனை நாள் இருட்டில் கிடந்தோம் என்பது நம் ஊர்க்காரர்களுக்கு மறந்திருக்காது. வண்டியிலேயே இப்படி ஒன்று இருந்தால் வடுவூர் தாண்டுவதற்குள் குழந்தை களைத்துப் போகாது.

பேத்திகள் பிரசவத்துக்கு வந்திருக்கும் வீடுகளுக்கு ஒன்று. 34 வாரத்துக்கு முன் வலி எடுத்தால் தாய்க்கு டெக்ஸாமெத்தசோன் ஊசி போடுவார்கள், 12 மணி நேரத்துக்கு ஒன்றாக நாலு. குழந்தையின் நுரையீரல் முற்றுவதற்காக. எங்கள் பெண்ணுக்கு இரண்டு ஊசி போட மட்டுமே நேரம் இருந்தது. வலி எடுத்த உடனே கிளம்பிவிடுங்கள், நல்ல நேரம் பார்த்துக்கொண்டு உட்காராதீர்கள்.